ஆபாசப் படங்களை இயந்திரம் தடுக்குமா? எமது நிறுவனங்கள் தெரிந்திருக்க வேண்டியவை

சில வருடங்களுக்கு முன்னர் ஓர் ஒக்டோபர் மாதத்தில், எமது ஊரின் பழைய மாணவர் சங்கம் ஒன்று நடத்தும் இணையத்தளத்துக்கு ஒரே வாரத்தில் இரண்டு படங்கள் வந்து சேர்ந்தன. முதலாவது, மார்பகப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டறிவது எப்படி என்று விளக்கும் விழிப்புணர்வுப் படம். தாதி ஒருவர் அனுப்பியிருந்தார். இரண்டாவது, தரம் 10இல் படிக்கும் மாணவி ஒருவரின் படம். பரிசளிப்பு விழாவில் ஹிஜாபுடன் நின்று எடுத்த சாதாரணப் படம்தான். ஆனால் அதன்மீது யாரோ தமிழில் அசிங்கமாக இரண்டு வரிகளை எழுதியிருந்தார்கள்.

அந்தத் தளத்தில் ஆபாசப் படங்களைத் தானாகவே தடுக்கும் வெளிநாட்டுச் சேவையொன்று பொருத்தப்பட்டிருந்தது. அது முதலாவது படத்தைத் தடுத்தது. இரண்டாவதைப் பிரசுரித்தது. காலையில் ஒரு பெற்றோர் தொலைபேசியில் சொல்லும்வரை அது அங்கேயே இருந்தது. அந்தப் பிள்ளை இரண்டு வாரம் பாடசாலைக்கு வரவில்லை. நான் அவருடைய வகுப்பாசிரியர் என்பதால் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டியிருந்தது.

சங்கத்தினர் பொறுப்பற்றவர்கள் அல்லர். "மெஷின் பார்க்குது தானே சேர்" என்று அவர்கள் உண்மையாகவே நம்பியிருந்தார்கள். அந்த மெஷின் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று பாடசாலைகள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், திருமண சேவைகள், விளம்பரத் தளங்கள் எனப் பல இடங்களில் பொதுமக்களிடமிருந்து படங்கள் பெறப்படுகின்றன. அவற்றை நடத்துபவர்களுக்காகவே இக்கட்டுரை.

இது எப்படி வேலை செய்கிறது?

மேகக் கணிமை என்பது நாம் வாங்கி வைக்காத கணினியை வாடகைக்குப் பயன்படுத்துவது. படத்தை அடையாளம் காணும் சேவையும் அப்படித்தான். அமேசன் நிறுவனத்தின் ரெகொக்னிஷன் சேவை 2016இன் இறுதியில் அறிமுகமானது. ஆபாசப் படங்களை அடையாளம் காணும் வசதி 2017இல் அதில் சேர்க்கப்பட்டது. கூகுளின் கிளவுட் விஷன் சேவையில் சேஃப்சேர்ச் என்ற பெயரிலும், மைக்ரோசொப்டின் அசூர் கண்டென்ட் சேஃப்டி சேவையிலும் இதே வசதி இருக்கிறது.

ஒருவர் தளத்தில் படமொன்றைப் பதிவேற்றியவுடன், அது பிரசுரமாவதற்கு முன்னர் தளத்தின் நிரல் அப்படத்தை இச்சேவைக்கு அனுப்புகிறது. முன்கூட்டியே பெருந்தொகையான படங்களைக் காட்டிப் பழக்கப்பட்ட கணினி மாதிரி ஒன்று அங்கே இருக்கிறது. அதற்குப் படம் என்பது எண்களின் அட்டவணை. ஒவ்வொரு புள்ளியின் நிறமும் ஓர் எண். அந்த எண்களின் அமைப்பு, தான் முன்னர் பழகிய எந்த வகைப் படத்தோடு ஒத்துப்போகிறது என்று அது கணக்கிடுகிறது. ஓரிரு வினாடிகளில் பதில் வந்துவிடும். செலவும் பெரிதில்லை. சாதாரண அளவில் பயன்படுத்துபவர்களுக்கு ஆயிரம் படங்களுக்கு ஒரு டொலர் முதல் ஒன்றரை டொலர் வரையே விலை குறிக்கப்பட்டு வந்திருக்கிறது.

ரெகொக்னிஷன் அனுப்பும் பதிலில் இரண்டு விடயங்கள் இருக்கும். ஒன்று வகைப்பெயர்: வெளிப்படையான நிர்வாணம், நீச்சலுடை அல்லது உள்ளாடை, வன்முறை, மதுபானம், போதைப்பொருள் மற்றும் புகையிலை, சூதாட்டம், வெறுப்புச் சின்னங்கள் என்பவை போல. மற்றையது, அந்த வகைப்பெயர் பற்றி இயந்திரம் எந்தளவு உறுதியாக இருக்கிறது என்பதைக் காட்டும் 0 முதல் 100 வரையான புள்ளி. கூகுள் எண் தருவதில்லை. ஆபாசம், கவர்ச்சி, வன்முறை, மருத்துவம், கேலிச் சித்திரிப்பு என்ற ஐந்து வகைகளுக்கும் "மிகவும் சாத்தியமற்றது" என்பதிலிருந்து "மிகவும் சாத்தியமானது" வரை ஐந்து படிகளில் பதில் சொல்கிறது.

இங்கே ஒன்றை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். இயந்திரம் "இதைப் பிரசுரி" என்றோ "நீக்கு" என்றோ சொல்வதில்லை. அது புள்ளி மட்டுமே போடுகிறது. அந்தப் புள்ளியை வைத்து என்ன செய்வது என்பதைத் தளத்தை நடத்துபவரே தீர்மானிக்கிறார். தீர்மானிக்காவிட்டால், நிரலை எழுதிய பையன் அவருக்காகத் தீர்மானித்துவிடுகிறான்.

வெட்டுப்புள்ளி யாருடையது?

எமது பெற்றோருக்கு வெட்டுப்புள்ளி பற்றி விளக்கத் தேவையில்லை. பல்கலைக்கழக அனுமதியில் ஒரு தசமத்தால் வாய்ப்பிழந்த பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். படச் சேவையிலும் அதே வெட்டுப்புள்ளிதான். 60 புள்ளிக்கு மேல் வந்தால் தடு என்று வைத்தால் கெட்ட படங்கள் அதிகம் பிடிபடும், ஆனால் நல்ல படங்களும் அகப்படும். 95 என்று வைத்தால் நல்ல படங்கள் தப்பும், கெட்டவையும் சில தப்பும். ரெகொக்னிஷனில் நாம் எதையும் குறிப்பிடாவிட்டால், 50 புள்ளியும் அதற்கு மேலும் பெற்ற வகைப்பெயர்கள் எல்லாம் பதிலில் வரும். அதை அப்படியே தடையாக மாற்றிவிட்டால் பாதி உறுதியோடு தீர்ப்பு வழங்கியதாகிவிடும்.

ஒரு சிறிய கணக்கைச் செய்து பார்ப்போம். இது விளங்கிக்கொள்வதற்கான உதாரணமே. ஒரு தளத்துக்கு மாதம் 1000 படங்கள் வருகின்றன, அவற்றில் 20 ஆபாசமானவை என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் ஆபாசப் படங்களில் நூற்றுக்கு 95ஐப் பிடிக்கிறது, நல்ல படங்களில் நூற்றுக்கு 5ஐத் தவறாகப் பிடிக்கிறது. கேட்பதற்கு மிகத் திறமையான இயந்திரம்தான். இப்போது 20 ஆபாசப் படங்களில் 19 பிடிபடும். ஒன்று தப்பும். மிகுதி 980 நல்ல படங்களில் 49 தவறாகப் பிடிபடும். ஆக, தடுக்கப்பட்ட 68 படங்களில் 19 மட்டுமே உண்மையில் ஆபாசமானவை. பத்தில் ஏழு குற்றமற்றவை.

95 சதவீதம் சரியான இயந்திரம் என்று சொல்லும்போது இந்த 49 பேரை நாம் நினைப்பதில்லை. அவர்களில் ஒருவருக்கு, "உங்கள் படம் ஆபாசமானது என்பதால் நிராகரிக்கப்பட்டது" என்று தானியங்கிச் செய்தி போனால், எமது ஊர்களில் அது சிறிய விடயமா? தடுக்கப்பட்டவற்றை மனிதர் ஒருவர் பார்த்த பின்னரே முடிவு சொல்ல வேண்டும் என்பதற்கான காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

உலகளவில் நடந்த தவறுகள்

எமது ஊரில் நடந்ததைப் போன்றதொன்று 2020 ஒக்டோபரில் பிரேசிலில் நடந்தது. மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளை விளக்கும் படங்களை ஒரு பெண் இன்ஸ்டகிராமில் வெளியிட்டார். தானியங்கி முறை அதை நிர்வாணம் எனக் கருதி நீக்கியது. படத்தின் மேலேயே புற்றுநோய் என்று போர்த்துக்கேய மொழியில் எழுதியிருந்ததை அது கவனிக்கவில்லை. பேஸ்புக்கின் மேற்பார்வைச் சபை இவ்விடயத்தை ஆராய்ந்து, நீக்கியது தவறு என 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2021இல் ஒரு தந்தை, நோயுற்றிருந்த தன் சின்ன மகனின் உடலில் பாதிக்கப்பட்ட இடத்தைப் படமெடுத்தார். மருத்துவருக்குக் காட்டுவதற்காகவே எடுத்தார். கூகுளின் தானியங்கி முறை அதைச் சிறுவர் துஷ்பிரயோகப் படமாகக் கருதியது. பொலிஸார் விசாரித்து, குற்றம் எதுவுமில்லை என்று முடித்துவைத்தனர். ஆயினும் அவருடைய கூகுள் கணக்கு திருப்பிக் கொடுக்கப்படவில்லை என்று 2022இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்தியது.

பெண்கள் விடயத்தில் இன்னொரு பக்கச்சார்பும் உண்டு. 2023இல் கார்டியன் பத்திரிகை வெளியிட்ட ஆய்வறிக்கையில், பெரிய நிறுவனங்களின் இத்தகைய கருவிகள் ஒத்த நிலையிலுள்ள ஆண்களின் படங்களைவிடப் பெண்களின் படங்களையே அதிகம் "கவர்ச்சியானவை" எனக் குறித்தமை காட்டப்பட்டது. மருத்துவப் படங்களும் கர்ப்பிணிகளின் படங்களும்கூட அதில் அகப்பட்டன. பழக்கியவர்களின் பார்வை எப்படியோ, இயந்திரத்தின் பார்வையும் அப்படியே.

இயந்திரத்துக்குத் தெரியாதவை

தவறாகப் பிடிப்பதைவிட, பிடிக்காமல் விடுவதில்தான் எமது சமூகத்துக்குப் பெரிய ஆபத்து இருக்கிறது.

முதலாவது, இயந்திரம் தோலையும் தோற்றத்தையும் பார்க்கிறது. மானத்தைப் பார்ப்பதில்லை. ஹிஜாப் அணிந்த பிள்ளையின் படத்தை அவதூறுக்குப் பயன்படுத்தினால் அதற்கு எந்த வகைப்பெயரும் கிடையாது. அவ்றத் என்ற எமது மார்க்க வரையறையும் அதற்குத் தெரியாது. திருமண சேவையில் கொடுத்த படத்தை இன்னொருவர் எடுத்துப் பரப்பினால், அதுவும் அதன் கண்ணுக்குச் சாதாரணப் படமே.

இரண்டாவது, மொழி. ஆபாசப் படத்தை அடையாளம் காண்பதும் படத்திலுள்ள எழுத்தை வாசிப்பதும் இரண்டு வேறு சேவைகள். முதலாவதை மட்டும் பொருத்தினால் படத்தின்மேல் எழுதியிருக்கும் வசனம் பார்க்கப்படவே மாட்டாது. எழுத்தை வாசிக்கும் சேவையைச் சேர்த்தாலும் அது தமிழையும் சிங்களத்தையும் வாசிக்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். வாசித்தாலும், ஊர்வழக்கில் எழுதிய அசிங்கம் அதற்கு விளங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. திகன வன்முறையின்போது சிங்கள மொழி வெறுப்புப் பதிவுகள் முகநூலில் எப்படிப் பரவின என்பதை நாம் மறக்கவில்லை. அந்தப் பங்குக்காக அந்நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. உலகின் பெரிய நிறுவனத்துக்கே எமது நாட்டு மொழிகள் சவாலாக இருந்தன என்றால், ஊர்ச் சங்கத்தின் இணையத்தளம் எம்மாத்திரம்?

மூன்றாவது, வட்ஸ்அப். எமது பிள்ளைகளின் பிரச்சினைகளில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. அங்கு செய்திகள் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே தெரியும்படி மறையாக்கம் செய்யப்படுகின்றன. நாம் பொருத்தும் எந்தச் சேவையும் வகுப்புக் குழுவுக்குள் எட்டிப் பார்க்காது. குழுவின் நிர்வாகியான ஆசிரியரும் பெற்றோருமே அங்கே காவல்.

நான்காவது, சட்டம். தமது சேவை முழுமையான வடிகட்டி என்று உரிமை கோரவில்லை என்றும், சிறுவர் துஷ்பிரயோகப் படம் போன்ற சட்டவிரோதமானவற்றை இச்சேவை கண்டறிவதில்லை என்றும் அமேசன் தன் வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறது. விற்பவரே சொல்லாத உத்தரவாதத்தை வாங்கியவர் கற்பனை செய்துகொள்ளக் கூடாது.

படம் எங்கே போகிறது?

இன்னொரு கேள்வியை எவரும் கேட்பதில்லை. பரிசோதனைக்காக நாம் அனுப்பும் படம் எங்கே செல்கிறது? அமேசன் சேவையைப் பாவித்தால் எமக்கு அண்மையிலுள்ள நிலையங்கள் மும்பாயும் சிங்கப்பூரும். அதாவது எமது பெண்களின், பிள்ளைகளின் படங்கள் நாட்டுக்கு வெளியே செல்கின்றன. விலகல் தெரிவிக்காவிட்டால், அனுப்பப்படும் படங்களைச் சேவையை மேம்படுத்துவதற்காகச் சேமித்துப் பயன்படுத்தலாம் என்பது ரெகொக்னிஷனின் நிபந்தனைகளில் ஒன்று. விலகுவதற்கு வழி இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

ஒருவரை அடையாளம் காட்டும் படம் அவருடைய தனிப்பட்ட தரவு. எமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, நம்பித் தந்த படம் அமானிதம். ஆகவே படம் பெறும் படிவத்திலேயே, "இப்படம் வெளிநாட்டிலுள்ள தானியங்கிச் சேவையொன்றால் பரிசோதிக்கப்படும்" என்று தெளிவான தமிழில் எழுதுவது கடமை.

படத்தை அனுப்பாமலேயே தடுக்கும் வேறொரு முறையும் உண்டு. படத்திலிருந்து கைரேகை போன்ற ஒரு குறியீட்டை உருவாக்கி, அந்தக் குறியீட்டை மட்டும் ஒப்பிடுவது. மைக்ரோசொப்ட் நிறுவனமும் பேராசிரியர் ஹனி ஃபரீடும் 2009இல் உருவாக்கிய போட்டோடிஎன்ஏ இவ்வகையைச் சேர்ந்தது. ஏற்கனவே அறியப்பட்ட துஷ்பிரயோகப் படங்களை அது கண்டுபிடிக்கிறது. 2021 டிசம்பரில் ஆரம்பமான ஸ்டொப் என்சிஐஐ என்ற இலவச சேவையும் இம்முறையிலேயே இயங்குகிறது. தமது அந்தரங்கப் படம் பரப்பப்படும் என்று அஞ்சும் 18 வயதுக்கு மேற்பட்டவர் தனது தொலைபேசியிலேயே குறியீட்டை உருவாக்கிக் கொடுக்கலாம். படம் தொலைபேசியை விட்டு வெளியேறாது. பங்கேற்கும் சமூக ஊடகங்கள் அக்குறியீட்டைக் கொண்டு அப்படத்தைத் தடுக்கின்றன. 18 வயதுக்கு முன்னர் எடுக்கப்பட்ட படங்களுக்கு அமெரிக்காவின் சிறுவர் பாதுகாப்பு அமைப்பொன்று 2023 முதல் டேக் இட் டவுன் என்ற சேவையை நடத்துகிறது. மிரட்டலுக்கு ஆளாகி, வீட்டில் சொல்லப் பயந்து தவிக்கும் பிள்ளைகளுக்கு இத்தகவல் உயிர்காக்கும். ஆசிரியர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நிறுவனங்கள் என்ன செய்யலாம்?

இயந்திரம் வேண்டாம் என்பது என் கருத்தன்று. நாள்முழுதும் அசிங்கமான படங்களைப் பார்த்து நீக்குவது மனிதரின் மனதைப் பாதிக்கும். அவ்வாறு பாதிக்கப்பட்ட ஊழியர்களின் வழக்கில் முகநூல் நிறுவனம் 2020இல் 52 மில்லியன் டொலர் நட்டஈடு வழங்க இணங்கியது. எமது சங்கங்களில் இந்த வேலை பெரும்பாலும் கணினி தெரிந்த ஒரு வாலிபனின் தலையில் விழுகிறது. அவன் கண்ணைப் பாதுகாப்பதும் எமது பொறுப்பே. அந்தச் சுமையின் பெரும்பகுதியை இயந்திரம் சுமக்கட்டும். ஆனால் பின்வரும் ஒழுங்குகளோடு சுமக்கட்டும்.

1. படங்களை மூன்று வழியாகப் பிரியுங்கள். மிக உயர்ந்த புள்ளி பெற்றவை தடுத்து வைக்கப்படட்டும். நடுத்தரப் புள்ளி பெற்றவை மனிதரின் பார்வைக்குப் போகட்டும். குறைந்த புள்ளி பெற்றவை பிரசுரமாகலாம். ஆனால் பிள்ளைகளின் முகம் தெரியும் எந்தப் படமும், புள்ளி எதுவானாலும், ஒருவர் பார்க்காமல் பிரசுரமாகக் கூடாது.

2. வெட்டுப்புள்ளியை நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானித்துக் கூட்டறிக்கையில் எழுதுங்கள். முதலில் உங்கள் தளத்துக்கு ஏற்கனவே வந்த சில நூறு படங்களில் பரிசோதித்துப் பாருங்கள். எமது திருமணம், விளையாட்டுப் போட்டி, ஹஜ் பயணப் படங்களில் இயந்திரம் எப்படி நடந்துகொள்கிறது என்று அப்போது தெரியும்.

3. பார்ப்பவர் ஒருவர் மட்டும் இருக்க வேண்டாம். ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாக முதிர்ந்த இருவர் இருக்கட்டும். பெண்களின் படங்களைப் பெண்ணே பார்க்கட்டும். படம் முதலில் மங்கலாகத் தெரியும்படி அமைத்துக்கொள்ளலாம்.

4. நிராகரிப்புச் செய்தியில் ஆபாசம் என்ற சொல்லே வேண்டாம். "பரிசீலனையில் உள்ளது" என்று அறிவித்து, மேன்முறையீடு செய்ய ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள்.

5. தடுக்கப்பட்ட படங்களைச் சேர்த்து வைக்காதீர்கள். குறிப்பிட்ட நாட்களுக்குள் அழிக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். அனுப்பியவர் யார் என்று ஊருக்குள் துருவி ஆராய்வதும் வேண்டாம். சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் இதில் எமக்குத் தெளிவான எல்லையைத் தந்திருக்கிறது.

6. சிறுவர் துஷ்பிரயோகப் படம் என்று சந்தேகம் வந்தால் அதைப் பிரதி எடுக்கவோ, "பாருங்கள் எவ்வளவு மோசம்" என்று இன்னொருவருக்கு அனுப்பவோ கூடாது. நல்ல எண்ணத்தோடு பகிர்ந்தாலும் அந்தப் பிள்ளைக்கு அது இன்னொரு அநீதி, பகிர்ந்தவரும் சட்டத்தில் மாட்டலாம். நேரம், கணக்கின் பெயர், இணைப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள். பெண்களுக்கு 1938 இலக்கமும், இணையத்தளப் பிரச்சினைகளுக்கு இலங்கை கணினி அவசர பதிலளிப்பு அணியின் 101 இலக்கமும் இருக்கின்றன.

அந்த மாணவியின் வீட்டுக்குப் போனபோது அவருடைய வாப்பா என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "சேர், போடுறதுக்கு முந்தி ஒருத்தராவது இதப் பார்க்கல்லயா?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சூரத்துந் நூரில் கற்புள்ள பெண்கள் மீது பழி சுமத்துவதை அல்லாஹ் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறான் என்பதை ஜும்ஆக்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழி எமது சங்கத்தின் பெயரில், எமது தளத்தில் ஓர் இரவு முழுவதும் இருந்தது.

பிள்ளை பின்னர் பாடசாலைக்கு வந்தார், பரீட்சையும் எழுதினார், அல்ஹம்துலில்லாஹ். சங்கத்தின் தளத்தில் இப்போதும் அதே சேவைதான் இருக்கிறது. மாறியது ஒன்றே ஒன்று. மாணவர்களின் படம் எதுவாக இருந்தாலும், அதை வெளியிடுவதற்கு முன்னர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பார்க்கிறார். சில நாட்களில் படம் வெளிவரத் தாமதமாகிறது என்று முறைப்பாடு வருகிறது. அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வதில் தவறில்லை.